பச்சை பூசிய மீன் தொட்டி

பக்கத்து வீட்டுப் பெண்ணின் மீன் தொட்டியை நான் திருடினேன். அவள் வந்து கேட்டபோது காணவில்லை என்று சொன்னேன். அடையாளம் தெரியாமலிருக்க அதற்குப் பச்சை பெயின்ற் பூசினேன். பிள்ளைகளுக்கு நெடுங்காலம் படிப்பித்தவன் நான்.

போர் முடிந்து, அகதி முகாமிலிருந்து எங்கள் ஊரான கண்டாவளைக்குத் திரும்பியபோது எங்கள் வீட்டில் சுவர்கள் மட்டும் நின்றன. பக்கத்து வீட்டில் அதுவும் பாதிதான். அங்கே விழுந்து கிடந்த தகரத்தின் கீழே அந்தத் தொட்டி ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. நிவாரண அரிசியை எலி விடாமல் தின்றுகொண்டிருந்த காலம். கண்ணாடியை எலியால் கொறிக்க முடியாது. தூக்கிவந்து அரிசியைக் கொட்டி, மேலே பலகை போட்டு மூடினேன்.

அப்போது ஊரில் எல்லோரும் தங்கள் சாமானைத் தேடி வீடு வீடாகப் போவார்கள். "இது எங்கட" என்றால் போதும், வைத்திருப்பவர் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவார். எங்கள் அம்மி அப்படித்தான் திரும்பி வந்தது. நானும் ஒருவருடைய கதவைக் கழற்றிக் கொடுத்திருக்கிறேன்.

கடைசியாக அவளும் எங்கள் வாசலுக்கு வந்தாள், கணவன் இல்லாமல். அவன் போரில் இறந்துவிட்டான்.

"மாஸ்டர், அவர் தன்ர கையால செய்த மீன் தொட்டி ஒண்டு வீட்டில நிண்டது. ஆரும் எடுத்ததைக் கண்டனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை, நான் காணேல்லை."

அரிசியை இனி எதில் வைப்பது என்ற யோசனைதான் முதலில் வந்தது. வெட்கம் பிறகுதான் வந்தது. வாய் அதற்குள் பொய்யைச் சொல்லிவிட்டது. ஜன்னலுக்கு வாங்கிய பெயின்ற் மீதம் இருந்தது. அன்று பின்னேரமே பூசிவிட்டேன்.

எங்கள் கிணறு பாழாகிக் கிடந்ததால் அவள் கிணற்றில்தான் நெடுநாள் தண்ணீர் அள்ளினோம். அவள் வீட்டில் மீன் குழம்பு வைத்தால் எங்களுக்கும் ஒரு கோப்பை வரும். வந்தால் அந்தப் பச்சைப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் இருந்து கதைப்பாள்.

போன மாரியில் நெஞ்சுவலி வந்து விழுந்தேன். அவள்தான் ஓட்டோ பிடித்து, என் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். "இவர் உங்களுக்கு ஆர்?" என்று தாதி கேட்டாள். "அப்பா மாதிரி" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டபின் அந்தத் தொட்டியை வீட்டில் வைத்திருக்க என்னால் முடியவில்லை.

பெயின்றைக் கரைக்கும் தின்னர் பட்டால் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிக்கன் பழுதாகிவிடும் என்று கடையில் சொன்னார்கள். அதனால் சவர்க்கார நீரில் நனைத்து, சவர பிளேட்டைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினேன்.

"இஞ்சேரும், கொஞ்சம் சுடுதண்ணி கொண்டு வாரும்."

"பூசேக்க என்னைக் கேட்டனீங்களே?" என்றாள் மனைவி. "மாஸ்டர் களவெடுத்த சாமானுக்குச் சவரம் எடுக்கிறார்." சொன்னாலும் சுடுதண்ணீர் வந்தது.

ஒரு மூலையில் பெயின்ற் உள்ளேயும் வழிந்திருந்தது. சிலிக்கனில் அது ஒட்டாததால் தோல் உரிவதுபோல் ஒரே இழுப்பில் கழன்றது. பெயின்றுக்குக் கீழே, தொட்டியின் பாதி உயரத்தில், ஒரு பெருவிரலின் ரேகைகள் இருந்தன. சிலிக்கனைத் தடவிச் சமப்படுத்தியவனின் விரல். கிட்டக் குனிந்து பார்த்தேன். கையிலிருந்த பிளேட் ரேகைக்குச் சற்றுக் கீழே சிலிக்கனை வெட்டிவிட்டது.

நானும் மனைவியும் தூக்கிக்கொண்டுபோய் அவள் விறாந்தையில் வைத்தோம்.

"இது உங்கட. நான்தான் எடுத்தனான். நீங்கள் கேக்கேக்க பொய் சொன்னனான். பச்சை பூசினதும் நான்தான்."

அவள் மூலையிலிருந்த ரேகையைக் கண்டுவிட்டாள். அதன்மேல் தன் விரலை வைத்துப் பார்த்தாள்.

"அப்ப நான் இதுக்கு மேலயோ தேத்தண்ணிக் கோப்பையை வைச்சனான்?"

"ஓம், பிள்ளை."

"வீட்டை போங்கோ, மாஸ்டர்."

அதன்பிறகு குழம்பு வரவில்லை. வேலியோரம் என்னைக் கண்டால் உள்ளே போய்விடுவாள். அது எனக்கு வேண்டியதுதான். ஆனாலும் மனைவிக்கு மருந்து எடுக்கப் போகும் நாட்களில் ஓட்டோ பிடித்துக் கொடுப்பதை அவள் நிறுத்தவில்லை.

பிறகு ஒரு காலை வேலிக்கு மேலால் குரல் கேட்டது. "மாஸ்டர், தொட்டி ஒழுகுது. வந்து பாருங்கோ."

நான் வெட்டிய இடம்தான். சிலிக்கன் குழாயை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் மறித்தாள்.

"பூசினா அவரின்ர விரல் அடையாளம் மூடுபட்டிடும். தொடாதையுங்கோ."

"அப்ப தண்ணி?"

"வெட்டுக்குக் கீழ மட்டும் விட்டாப் போதும். பாதித் தண்ணி எண்டபடியா அடிக்கடி மாத்தவேணும். அதை நீங்கள்தான் செய்யவேணும். வெட்டினது நீங்கள்."

இப்போது சனிக்கிழமைகளில் வாளியோடு போகிறேன். அப்படி ஒரு வேலையை அவள் எனக்குத் தந்ததற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பாதித் தொட்டியில் சிவப்பு மீன்கள் ஓடுகின்றன. தண்ணீர் மாற்றி முடிந்ததும் தேத்தண்ணீர் தருகிறாள். கோப்பையை எங்கும் வைக்காமல், கையில் பிடித்தபடியே குடித்து முடிக்கிறேன்.