பிடுங்கிய போஞ்சி

என் கணவர் தோட்டத்தில் கடைசியாகப் பார்த்தது, தேயிலைக்கு நடுவே முளைக்கும் புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை. மருந்து டாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு பல வருடம் மலையேறினார். உள்ளங்கையில் தோல் உரிந்துகொண்டே இருக்கும். சோறு பிசைந்தால் எரியும் என்று கரண்டியில்தான் சாப்பிடுவார்.

வேலையை விட்ட மறுவாரமே, "லயத்துக்குப் பின்னால கெடக்குற காட்டக் கொத்தப் போறேன். மரக்கறி போடுவோம். ஆனா ஒரு சொட்டு மருந்து படக்கூடாது" என்றார்.

தெமோதரைப் பக்கம் எங்கள் தோட்டத்தில், நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால், ஆள் போதாமல் கைவிட்ட தேயிலைத் துண்டு அது. மானாப்புல் ஆள் உயரத்துக்கு நின்றது. கவ்வாத்து காணாத தேயிலை மரமாகிப் போயிருந்தது. தோட்டத்து மேனேஜர் துரையிடம் கேட்டார். பயிர் வைக்கலாம், வீடு மட்டும் கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

இரண்டு பேருமாக இறங்கினோம். ஒரு தேயிலை வேரைக் கெல்லி எடுக்கவே அரை நாள் போனது. மண் கல்லாக இறுகிக் கிடந்தது. முதலில் போட்ட ராபு முள்ளங்கி, சுண்டுவிரல் பருமனில் வந்தது. அவர் சலிக்கவில்லை. பாதையோரத்துக் காட்டுச் சூரியகாந்தியைக் கட்டுக் கட்டாக வெட்டி வந்து, மாட்டுச் சாணத்தோடு குழியில் அடுக்கி மக்கவிட்டார். மழைக்காலம் முடிந்து குழியைத் திறந்தபோது மண் கறுத்து, பொலபொலவென்று உதிர்ந்தது. அந்த எருவில்தான் மூன்று வரிசை போஞ்சி அவரைக் கொடி போட்டோம். மூன்று வரிசையும் கம்பேறிப் பூத்தது.

பூவோடு புழுவும் வந்தது. சாம்பல் தூவினோம், பூண்டும் மிளகாயும் அரைத்துத் தெளித்தோம். குறையவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் பண்டாரவளையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். ஓட்டை விழுந்த பூக்களைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பதுளை டவுனுக்குப் போய் ஒரு போத்தல் மருந்து வாங்கி வந்து அடித்துவிட்டேன். போத்தலை விறகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

மறுநாள் மதியம் ரயிலில் வந்தவர், பையைக்கூட இறக்கவில்லை. காற்றை மோந்து பார்த்தார்.

"யாரு மருந்தடிச்சது?"

"நாந்தாங்க."

திட்டுவார் என்று நின்றேன். "மூஞ்சியில துணி கட்டுனியா?" என்று கேட்டார்.

"இல்லங்க."

என்னைக் கையைப் பிடித்துப் பைப்படிக்கு இழுத்துப் போனார். முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டார். அந்த உரிந்த கையால்தான் கழுவினார். பிறகு மேலே போய், மூன்று வரிசைப் போஞ்சியையும் வேரோடு பிடுங்கத் தொடங்கினார்.

"பூத்து நிக்குதேங்க!" என்று அழுதேன்.

"பேத்தி வந்தா செடியிலேயே பறிச்சுப் பச்சையாத் திங்கிறவ. அவகிட்ட இத எப்படிக் குடுப்ப?"

முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து நானும் ஒரு வரிசையில் குனிந்தேன். எல்லாவற்றையும் ஓரத்தில் குழி தோண்டிப் புதைத்தோம். அந்தப் பாத்தியில் மழை நன்றாகப் பெய்து முடியும் வரை எதுவும் போடவில்லை.

அடுத்த போஞ்சிக்கு விடியற்காலையிலேயே போய்விடுவோம். ஆளுக்கொரு டின்னில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு, புழுவைக் கையால் பொறுக்கிப் போடுவோம். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் பதிந்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகிற பொம்பளைகள், "என்ன அக்கா, புழுவுக்கும் பெரட்டுக் களமா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். பாதிக் காய் வளைந்தும் ஓட்டை விழுந்தும்தான் வந்தது. மீதி எங்களுக்குப் போதும். லயத்தில் நாலு வீட்டுக்கும் கொடுத்தோம்.

அவர் கை முழுதாக ஆறவில்லை. வெயில் காலத்தில் இன்னமும் வெடிக்கிறது. அதனால் கீழ்ப்பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் துண்டை நானே கொத்துகிறேன். மேட்டில் உட்கார்ந்துகொண்டு, "ஆழமாப் போடு, இன்னும் ஆழமா" என்கிறார். நான் திரும்பிப் பார்த்து முறைத்தால், குனிந்து பக்கத்தில் முளைத்திருக்கும் புல்லைப் பிடுங்கத் தொடங்குகிறார்.