வெள்ளிக்கிழமை மட்டும் படுத்துக்கொள்ளும் ஹார்ட் டிஸ்க்

பிரிக்ஃபீல்ட்ஸில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. இன்றுவரை ஒருத்தர்கூட "நான்தான் ஏதோ செஞ்சுட்டேன்" என்று சொல்லிக்கொண்டு வந்ததில்லை. எல்லாப் பொருளும் தானாகவே கெட்டுப்போகும். அதிலும் இந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இருக்கிறதே, அது ஒரு தனி ரகம். கரண்டுக்கென்று வேறு வயர் கிடையாது, கம்ப்யூட்டரில் செருகுகிற அதே யூ.எஸ்.பி வயரில் வருவதைக் குடித்துத்தான் பிழைக்க வேண்டும். கரண்ட் கொஞ்சம் பத்தாவிட்டால் 'டிக் டிக்' என்று முனகிவிட்டுப் படுத்துவிடும். என்னைப் போல இதோடு மாரடிக்கிறவர்களே, நீங்களாவது படித்துவிட்டுச் சொல்லுங்கள், பைத்தியம் யாருக்கு என்று.

பேட்டரி இறங்கிப்போச்சு

செந்தூலில் சாப்பாட்டுக் கடை நடத்தும் இஸ்மாயில் அண்ணன் ஒரு நாள் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடைக் கண்காணிப்பு கேமரா பதிவெல்லாம் அதில்தான். "நல்லா ஓடுது பாஸ், அப்புறம் மத்தியானத்துக்குள்ள பேட்டரி இறங்கிடுது" என்றார். எனக்குப் புரியவில்லை. எந்த பேட்டரி? விசாரித்தால், மனுஷன் தினமும் கடை திறந்ததும் அதை போன் சார்ஜரில் ரெண்டு மணி நேரம் 'சார்ஜ்' போடுகிறார்! சிவப்பு விளக்கு எரிகிறதாம், அதனால் ஏறுகிறதாம்.

இதற்குள் பேட்டரியே இல்லை என்று இருபது நிமிஷம் தொண்டை வற்றப் பேசினேன். அவர் மாட்டியிருந்த வயர் மூன்று மீட்டர் நீளம். அத்தனை தூரம் போவதற்குள் கரண்ட் சோர்ந்துவிடும். ஒரு சாண் வயரைக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் போன் அடித்தார், ஒரே சந்தோஷம்.

"இப்ப சூப்பரா ஓடுது பாஸ்! பேட்டரி ரொம்ப தூரம் நடக்க வேண்டாம் பாருங்க, அதான் இறங்கவே மாட்டேங்குது லா!"

வெள்ளிக்கிழமைக் கோளாறு

இதுகூடப் பரவாயில்லை. கிள்ளானில் பரதநாட்டிய வகுப்பு நடத்தும் டீச்சர் வந்த பிறகுதான் எனக்கு என் தொழில்மேலேயே சந்தேகம் வந்தது. அவருடைய மாணவி தர்ஷினிக்கு மூன்று வாரத்தில் அரங்கேற்றம். பத்திரிகை அடித்தாகிவிட்டது. பாட்டு முழுவதும் பதிவு செய்தது, அது இருப்பது இந்த ஒரே ஹார்ட் டிஸ்க்கில். ஒத்திகையில் பாதி வர்ணத்தில் பாட்டு நின்றுவிடுகிறதாம்.

"முதல்ல ஒரு காப்பி எடுத்துடுவோம் டீச்சர்" என்றேன். அவர் பதறிப்போனார். பாடிக் கொடுத்த அம்மா ஊருக்குத் திரும்பும்போது, வேறு யாருக்கும் காப்பி போகக் கூடாது என்று நடராஜர்மேல் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அந்தச் சத்தியத்தில் பேக்கப் அடங்குமா அடங்காதா என்று எனக்குத் தெரியவில்லை, டீச்சருக்கும் தெரியவில்லை. இப்படியே நின்று நின்று ஓடினால் ஒரு நாள் எழுந்திருக்காமலே போய்விடும், பாட்டும் போய்விடும் என்று மட்டும் சொல்லிவைத்தேன். அவர் முகம் வாடிவிட்டது.

கடையில் மாட்டினேன். அருமையாக ஓடியது. முழுநாளும் ஓடவிட்டேன், ஒரு முனகல் இல்லை. எப்போது நிற்கிறது என்று கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமை வகுப்புல ஒண்ணும் பண்ணாது தம்பி, வெள்ளிக்கிழமை மட்டும்தான் படுத்துக்குது."

எல்லாத்தையும் கொண்டு வாங்க

ஹார்ட் டிஸ்க்குக்குக் கிழமை தெரியுமா? வைரஸ் பார்த்தேன். தேதியை மாற்றி, கம்ப்யூட்டருக்கு அது வெள்ளிக்கிழமை என்று நம்பவைத்துக்கூடப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ராகுகாலத்தில் ஒரு தரம் மாட்டிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் சமர்த்தாக ஓடியது.

டீச்சர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் வெள்ளிக்கிழமை மறுபடியும் போன். "நின்னுடுச்சு தம்பி." சரி, கம்ப்யூட்டர் சாமான் ஒன்றுவிடாமல் எல்லாத்தையும் கொண்டு வாங்க என்றேன். லாப்டாப், சார்ஜர், மௌஸ், ஸ்பீக்கர், மௌஸ் வைக்கிற அட்டை வரைக்கும் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். எல்லாம் ஓடியது. எனக்குத் தலை சுற்றியது. வேறு ஏதாவது மாட்டுவீங்களா என்று மூன்று தரம் கேட்டேன்.

"சத்தியமா வேற ஒண்ணும் இல்ல தம்பி, வேணும்னா நீங்களே வெள்ளிக்கிழமை வந்து பாருங்களேன்!"

கிள்ளானில் கண்டது

அரங்கேற்றத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில் போனேன். நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து வீட்டுக்குள் நுழைந்தால், முன் ஹாலில் வெள்ளிக்கிழமைப் பூஜை முடிந்து ஒத்திகை ஆரம்பித்திருந்தது. தர்ஷினி ஒரு காலைத் தூக்கி நிற்கிறாள். பாட்டு உச்சத்துக்குப் போகிறது. டிக். டிக். டிக். நின்றது. தூக்கிய கால் நடுங்க அந்தப் பெண் டீச்சரைப் பார்த்தாள், டீச்சர் என்னைப் பார்த்தார், நான் ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்தேன். கழற்றி மாட்டினேன், வரவில்லை. இன்னொரு தரம், ம்ஹூம். "போச்சா தம்பி?" என்று டீச்சர் கேட்டபோது கண்ணில் தண்ணீர் நின்றது.

அப்போதுதான் வயரைக் கையால் பிடித்துக்கொண்டே போனேன். அது லாப்டாப்புக்குப் போகவில்லை. நேராகச் சாமி மேடைக்குள் நுழைந்து, மல்லிகைச் சரத்துக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. அங்கே விபூதி படிந்த ஒரு யூ.எஸ்.பி ஹப், அதாவது ஒரு துளையை நாலாக்குகிற பெட்டி. நடராஜரைச் சுற்றி மின்னுகிற விளக்குச் சரம் ஒன்றில், மந்திரம் சொல்லும் பெட்டி ஒன்றில், கற்பூரப் புகை கலைக்கிற குட்டி ஃபேன் ஒன்றில், கடைசித் துளையில் நம்ம ஹார்ட் டிஸ்க். அந்த ஹப்பின் வயர் போவதோ லாப்டாப்பில் ஒரே ஒரு துளைக்கு; அதில் வருகிற கரண்டைத்தான் நாலு பேரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். விளக்கும் மந்திரப் பெட்டியும் ஃபேனும் வெள்ளிக்கிழமை மட்டும்தான். மற்ற நாளில் ஹார்ட் டிஸ்க் தனியாக ராஜா மாதிரி சாப்பிட்டிருக்கிறது.

"ஏன் டீச்சர் இதைச் சொல்லவே இல்ல?" என்று கத்தியேவிட்டேன். பிள்ளைகள் எல்லாம் பயந்துபோய்ப் பார்த்தார்கள். டீச்சர் மட்டும் நிஜமாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

"நீங்க கம்ப்யூட்டர் சாமான்தானே தம்பி கேட்டீங்க, இது சாமி சாமான் இல்லையா?"

அரங்கேற்றம்

ஹப்பைக் கழற்றி ஒரு போன் சார்ஜரில் மாட்டி, சாமிக்குத் தனி லைன் ஆக்கினேன். ஹார்ட் டிஸ்க்கை நேராக லாப்டாப்பில் செருகினேன். ஒரு விநாடி ஒன்றும் இல்லை. பிறகு உர்ரென்று சுழன்றது. எனக்குப் போன உயிர் திரும்பியது.

அரங்கேற்ற மண்டபத்தில் நான் உட்கார்ந்த இடம் ஸ்பீக்கருக்குப் பின்னால். ஆட்டத்தில் ஒரு அசைவுகூட நான் பார்க்கவில்லை, கண் முழுக்க ஹார்ட் டிஸ்க்கின் சின்ன விளக்கில். வர்ணத்தில் வழக்கமாக நிற்கிற இடம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தாண்டிப் போய்விட்டது! தில்லானா முடிந்து மண்டபமே எழுந்து கை தட்டியது. தர்ஷினியின் அம்மா தேம்பித் தேம்பி அழுதார். நானும் கொஞ்சம் அழுதேன், அதில் என்ன வெட்கம். டீச்சர் மைக்கைப் பிடித்து நன்றி சொல்லத் தொடங்கினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பாதி எழுந்தேன்.

"நான் சாமிக்குப் போட்ட லைட்டுக்குக் கரண்ட் பத்தல, அதைச் சொல்லத்தான் நடராஜர் பாட்டை நிறுத்தி நிறுத்திக் காட்டினாரு, அவருக்குன்னு தனி லைன் கொடுத்தோம், இன்னைக்குப் பாத்தீங்களா, ஒரு இடத்துலகூட நிக்கல!"

பாதி எழுந்தவன் அப்படியே உட்கார்ந்து யோசிக்கிறேன், இன்றுவரை யோசிக்கிறேன், டெக்னிக்கலாக டீச்சர் சொன்னதில் ஒரு தப்பையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.