நாடி பார்க்க நின்ற இடம்

ஹாம்பர்க் நகரத்தில் காரணமே இல்லாமல் ஓடுகிறார்கள். தலை நரைத்தவர்களும் தொப்பை விழுந்தவர்களும் அரைக்கால் சட்டையோடு பூங்காவைச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறார்கள். முதல்முறை பார்த்தபோது யார் துரத்துகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் குப்பத்தில் ஒருவன் ஓடினால் கட்டுமரம் கவிழ்ந்திருக்கும், இல்லை போலீஸ் வந்திருக்கும். ஆறு வருடம் துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கிய பிறகு எனக்கும் ஓடுகிற கதி வந்தது. நெஞ்சு படபடக்கிறது என்று போனால் டாக்டரம்மா மாத்திரை தரவில்லை. தினமும் ஓடு, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நின்று ‘புல்ஸ்’ பார், நூற்று முப்பதைத் தாண்டினால் நடந்து போ என்றாள். புல்ஸ் என்றால் நாடித் துடிப்பு.

அதற்குக் கடிகாரம் வேண்டுமே. கடைக்காரனுக்கு என்னைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை, எனக்கும் அவனைப் பிடிக்கவில்லை. என் அரைகுறை ஜெர்மனில் ‘புல்ஸ்’ மட்டும் அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். டாக்டர்கள் கட்டும் கடிகாரம் ஒன்றை வெல்வெட் துணியில் வைத்தான். பொத்தானை அழுத்தி முப்பது துடிப்பு எண்ணி மறுபடி அழுத்தினால், முள் நிற்கிற இடத்தில் நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு என்று தெரியும். “எந்த ஆஸ்பத்திரி, ஹெர் டோக்டர்?” என்றான். மூட்டை தூக்குகிறேன் என்றேன். வெடுக்கென்று எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினான். ஸ்டாப்வாட்ச் மலிவுதான், ஆனால் வேலைக்கு நேரம் பார்க்க உதவாது. கடைசியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் யாரோ கட்டிக் கழித்த கைக்கடிகாரத்தை வாங்கினேன். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் போதும். வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். விநாடி முள் நடுவிலிருந்து நீளமாகப் புறப்பட வேண்டும். கீழே குட்டி வட்டத்துக்குள் சுற்றுகிற முள்ளை வியர்வை வழிகிற கண்ணால் படிக்க முடியாது.

அந்தக் கடிகாரத்தோடுதான் போன தை மாதம் லீவில் ஊருக்குப் போனேன். தங்கியது அண்ணன் வீட்டில். இந்தக் குளிரையும் கிடங்கையும் விட்டுவிட்டு அவரோடு மறுபடி கடலுக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் என் திட்டம், அதை அவரிடமும் சொல்லியிருந்தேன். அவர் வலையைத் தைத்துக்கொண்டே கேட்டார், முகம் மலர்ந்திருந்தது.

எங்கள் குப்பத்தில் எந்த வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. சவுக்குத் தோப்புக்குத் தெற்கே உள்ள கரை, வெயில் ஏறும்வரை பெண்களுடையது. ஆண்பிள்ளை எவனும் அந்தப் பக்கம் தலைவைக்க மாட்டான். இது எனக்கும் தெரியும், சின்ன வயதில் முதுகில் அடி வாங்கிக் கற்றதுதான். ஆனால் அன்று விடிகாலையில் கரையோரம் ஓடியபோது என் கண் முழுக்கக் கடிகார முள்ளில் இருந்தது, தோப்பைத் தாண்டியதைக் கவனிக்கவில்லை. பத்து நிமிஷம் ஆனதும் நின்றேன், மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். சந்தேகம் வந்து இன்னொரு முறை எண்ணினேன். தலையை நிமிர்த்தினால் எதிரே பெண்கள் விருட்டென்று எழுந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள்.

அன்று சாயங்காலமே பஞ்சாயத்து கூடியது.

“ஓடறவன் ஓடிகினே போவ வேண்டியதுதானே. இன்னாத்துக்கு நின்னே?” என்றார் தலைவர்.

“நாடி பாக்க நின்னேன்.”

“பொம்பளைங்க குந்தற எடத்துலதான் ஒனக்கு நாடி கீதா?”

கடிகாரத்தைக் காட்டி விளக்கப் போனேன். “வாச்சைக் காட்றான் பாரு சீமைக்காரன்” என்றது கூட்டத்தில் ஒரு குரல். தலைவர் கையமர்த்தினார். “நீ நம்ம ஆளுன்னா, ஒங்க அண்ணன் மரம் எட்டு நாளு கடல்ல எறங்கக் கூடாது. வெளியாளுன்னா, தெரியாம வந்துட்டேன்னு வுட்டுடலாம். இன்னான்னு நீயே சொல்லு.”

நல்ல மீன் பாடு உள்ள நாட்கள். எட்டு நாள் கட்டுமரம் கரையில் கிடந்தால் அண்ணன் வீட்டில் உலை வைப்பது கஷ்டம். அவரைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வெளியாளு” என்றேன். அந்தத் தலைவர்மேல் எனக்கு இன்றுவரை ஆத்திரம் தீரவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் அண்ணன் என்னை மெச்சுவார் என்று நினைத்தேன்.

“எட்டு நாளு கஞ்சி குட்ச்சிகினு கெடந்திருப்போம். செத்தா பூட்டிருப்போம்?”

“ஒனக்காகத்தான் அண்ணே சொன்னேன்.”

“நான் கேட்டனா?” என்றார். என்னை விட்டுவிட்டு வேகமாக முன்னே நடந்தார்.

எனக்கும் கோபம் வந்தது. அவருக்காகத்தான் சொன்னேன். ஆனால் ‘வெளியாளு’ என்ற வார்த்தை அவ்வளவு சுலபமாக என் வாயில் வந்ததே, அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை, பயணிகள் உலாவுகிற வடக்குக் கரையில் ஓடப் போனேன். கொஞ்ச தூரத்தில் அண்ணனும் ஆட்களும் மரத்தைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் இடது மூலையில் ஆள் இல்லாமல் மரம் திரும்பித் திரும்பி மணலில் குத்தியது. விவரம் தெரிந்த நாள் முதல் நான் தோள்கொடுத்த மூலை அது. போகலாமா என்று நான்கு எட்டு வைத்து நின்றுவிட்டேன். என்னைத் தாண்டி ஒரு வெள்ளைக்காரன், தோள்வரை தொங்குகிற முடியோடு, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஓடினான். அந்த மூலையில் தோளை வைத்துத் தள்ளினான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. மரம் அலையைத் தாண்டியதும் அண்ணன் திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தபடி கையை ஆட்டினார். நான் ஈரம் படாத மணலில் நின்றுகொண்டிருந்தேன்.