வடக்குச் சுவரோரத்து அசோகமரம்

சங்கரன்கோவிலில் நான் பணியாற்றிய பள்ளியில், தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை ஏசுவடியாளுடையது. பதினெட்டு ஆண்டுகளில் அவர் பொறுப்பிலிருந்த செடி எதுவும் தாகத்தால் வாடியதில்லை. அப்படிப்பட்டவர்மீதுதான் 1978ஆம் ஆண்டு ஆசிரியர் கூட்டத்தில் பழி விழுந்தது.

"வடக்குப் பக்கத்து மரம் மூணும் தண்ணியில்லாமதான் செத்திருக்கு" என்றார் தலைமையாசிரியர் ஜெயசிங். "நாலாவதையும் நட்டு அடக்கம் பண்ணணுமா? அங்கன சிமென்ட் போட்டுச் சைக்கிள் நிறுத்திரலாம்."

மாடிக் கட்டடத்தின் வடக்குச் சுவரை ஒட்டிய பத்தடி அகல நிலம் அது. ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் நாளில் அங்கே ஒரு கன்று நடுவது எங்கள் வழக்கம். சரக்கொன்றை, மயில்கொன்றை, மந்தாரை என்று ஆண்டுக்கொன்றாக நட்டோம். மூன்றும் ஐப்பசிக்குமேல் ஒல்லியாக நீண்டு, சாய்ந்து, மழையில் அழுகின.

தேநீர் கொண்டுவந்திருந்த ஏசுவடியாள் தட்டைக் கீழே வைத்தார். "ஒரு வருசம் பொறுங்க சார். தண்ணி ஊத்தாதவளுன்னு பேரெடுத்துக்கிட்டு நான் இங்கன வேலை பாக்க மாட்டேன்."

"ஒரு வருசத்துல என்ன செய்யப் போறீய?"

"வெயில் எங்கன விழுதுன்னு பாக்கப் போறேன்."

சிலர் சிரித்தனர். தலைமையாசிரியர் மட்டும், "சரி, ஒரு வருசம்" என்றார்.

மாதம் ஒரு நாள், மணி அடிக்கும்போதெல்லாம் ஏசுவடியாள் அந்நிலத்துக்குச் சென்று, நிழல் முடியும் இடத்தில் ஒரு செங்கல் துண்டை வைப்பார். வெயில் விழுந்த ஒவ்வொரு பாடவேளைக்கும் சுவரில் ஒரு கரிக்கோடு இழுப்பார்.

மணி அடிக்கும் பொன்னுச்சாமிக்கு இது நல்ல வேடிக்கை. "என்னக்கா, செங்கலுக்கும் தண்ணி ஊத்துவீயளா?"

"செங்கல் முளைச்சா உமக்கு வீடு கட்டித் தாரேன் வே. நீரு மணியை நேரத்துக்கு அடியும்."

ஆண்டு முடிந்தபோது சுவரே சான்று கூறியது. ஆனிக்கு ஐந்து கோடுகள் இருந்தன. கார்த்திகை, மார்கழி, தை மாதங்களுக்கு ஒரு கோடும் இல்லை. கதிரவன் வடக்கே சாயும் ஆனியில் பள்ளி திறக்கிறது. அன்று அங்கே அடிக்கும் வெயிலைக் கண்டு, வெயில் விரும்பும் மரங்களையே படித்தவர்களாகிய நாங்கள் நட்டிருக்கிறோம். பின்பு தெற்கே சாயும் கதிரவனைக் கட்டடம் முழுவதுமாக மறைத்துவிடும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. புவியியல் கற்பித்தவன் நான், எனக்கும் தோன்றவில்லை.

மரத்தைத் தேர்ந்தெடுத்த முறையும் அவருடையதே. குற்றாலத்துக்குச் சென்று, மலையடிவாரத்தில் பெருமரங்களின் அடியில் நின்றே பூக்கும் மரம் எது என்று இரண்டு நாள் பார்த்தார். செம்மஞ்சள் கொத்துகளாகப் பூக்கும் அசோகமரத்தைக் கண்டார். ஈரம் விரும்பும் மரம் என்று நாற்றுப்பண்ணையில் கேட்டறிந்து, ஒரு கன்றை மடியில் வைத்தே பேருந்தில் கொண்டுவந்தார். அதே வடக்கு நிலத்தில், பிள்ளைகள் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவும் குழாய்க்கு அருகில், மழை தொடங்கிய ஐப்பசியில் நட்டார்.

"திறப்பு நாள்ல நட்டா என்ன?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

"விழா நமக்குத்தான சார். கன்னுக்கு எதுக்கு?"

அது மெல்ல வளர்ந்தது. ஆனால் நேராக வளர்ந்தது. செம்புநிறத் தளிர்கள் கொத்தாகத் தொங்கிய ஆண்டில் சைக்கிள் கொட்டகை மேற்குப் பக்கத்தில் போடப்பட்டது. 1984ஆம் ஆண்டு மாசியில் தண்டிலேயே பூக்கொத்துகள் வெடித்தன.

அந்த வாரக் கூட்டத்துக்கு ஏசுவடியாள் அழைக்கப்பட்டார். ஜெயசிங் எழுந்து நின்றார்.

"ஆறு வருசத்துக்கு முன்னால இந்த அம்மா மேல ஒரு பழி சொன்னேன். அது தப்பு. ஊத்துன தண்ணில குறையில்ல. மரத்தத் தேர்ந்தெடுத்த என்கிட்டதான் குறை."

ஏசுவடியாள் சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சார் சொன்னத எழுதிக்கிட்டீயளா?" என்று என்னிடம் கேட்டார்.

கூட்டக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. எழுதினேன், உரக்கப் படித்தும் காட்டினேன். முப்பத்திரண்டாண்டுப் பணியில் நான் எழுதிய வாக்கியங்களுள் அதைப்போல் பெருமைக்குரியது வேறொன்றில்லை.