சர்வர் அறையில் இருந்த சரக்கு

2007ஆம் ஆண்டு, தீபாவளிக்கு முந்தைய மாதம். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், சாத்தூர் சாலையில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியின் அலுவலகத்தில் நிர்வாகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீசன் நேரம் பார்த்து, ஆர்டர்களைப் பதிவு செய்யும் சர்வர் அடிக்கடி நின்றுபோனது. வெளியூர் ஏஜென்டுகள் போனில் திட்டினார்கள். எப்போது நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று முதலாளி அறிக்கை கேட்டார். ‘மின்தடை’ என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். அறிக்கை கேட்பவர்களுக்குப் பொதுவாக அதுவே போதும். ஆனாலும் சர்வர் தன் நிலையைத் தானே எழுதி வைத்திருந்த பதிவுகளை எடுத்து, வரிசைப்படுத்தி, வரைபடமாகப் போட்டேன். ஒவ்வொரு முறையும் அது நிற்பதற்குச் சற்று முன்னால் வெப்பக் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. ஏசி அறையில் இருக்கும் இயந்திரத்துக்கு எதற்கு இவ்வளவு சூடு?

அந்த அறையின் சாவி, சரக்கு அனுப்பும் சூப்பர்வைசரிடம் இருந்தது. ஏன் அவரிடம் என்று அப்போதாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் கதவைத் திறந்தார். லாரிக்காகக் காத்திருந்த பட்டாசுப் பெட்டிகள், தரையிலிருந்து ஏசியின் வாயை அடைக்கும் உயரம் வரை. ஒரு வரிசை, உறுமிக்கொண்டிருந்த யுபிஎஸ் மேல் சாய்ந்திருந்தது.

“யாருய்யா இதை இங்கே வைக்கச் சொன்னது?”

“என்ன சார் இப்படிக் கேக்கீக? குடோன் நெறஞ்சு போச்சு. சரக்கைக் குளிர்ச்சியான எடத்துல வைக்கணும்னு போர்டு எழுதி மாட்டுனது நீங்கதான? நம்ம கம்பெனியில இதவிடக் குளிர்ச்சி எங்கன இருக்கு?”

பெட்டிகள் சாய்ந்திருந்த யுபிஎஸ்ஸைக் காட்டினேன். மெயின் சுவிட்சை அணைக்க ஓடிய சூப்பர்வைசரைப் பிடித்து நிறுத்தினேன். அணைத்தால் யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும். மாறும்போது ஒரு பொறி போதும். பக்கத்து அறையில் பில் போட்டுக்கொண்டிருந்த பெண்களை வெளியே அனுப்பினோம். லோடு ஏற்றுபவர்களைக் கூப்பிட்டு, எந்த சுவிட்சையும் தொடாமல், எதையும் தரையில் இழுக்காமல், ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கச் சொன்னேன்.

“ஏலே, பைய எடுலே. தீபாவளிக்கு இன்னும் நாளு கெடக்கு” என்றார் அவர்களில் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை.

கடைசிப் பெட்டி வாசலைத் தாண்டிய பிறகுதான் மூச்சு விட்டேன். அந்த ஏசி அறையில் என் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

அத்தனை பேர் வேலை செய்த கட்டடத்தில், சூடு எல்லை மீறுகிறது என்று தெரிந்து நிறுத்திக்கொண்டது அந்த இயந்திரம் ஒன்றுதான். அது நின்றதையே குற்றமாகக் கருதி அறிக்கை எழுத உட்கார்ந்தவன் நான் என்று நினைத்தால் இன்றும் உடம்பு சில்லிட்டுப் போகிறது.