நகரி வீட்டு வெப்பமானி

நான் திருப்பதியில் வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கட்டிக்கொடுப்பவள். கிரகப்பிரவேசச் சாப்பாட்டோடு என் வேலை முடிந்துவிடும். அதற்கப்புறம் ஒருவர் வந்து, நீங்கள் கட்டிய வீட்டில் ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றால் சந்தேகம் வராதா?

வந்தவர் சென்னையில் கட்டடக்கலை ஆராய்ச்சி செய்யும் இளைஞர். சூடான காற்று வெளியேற மாடி அறையின் கூரையில் நான் ஒரு திறப்பு விடுவேன். அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அளக்க வேண்டுமாம். நானே அதை ஏதோ ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் படித்துத்தான் செய்ய ஆரம்பித்தேன். என் குறைகளைப் பொறுக்கித் தன் பட்டத்தை வாங்கப் பார்க்கிறார் என்று தோன்றியது.

"தம்பி, குறை எதுவா இருந்தாலும் முதல்ல எங்கிட்டதான் சொல்லணும்" என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

நகரிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தின் வீட்டைக் காட்டினேன். தீப்பெட்டி அளவு வெப்பமானி ஒன்றை மாடி அறைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார். கோடை முழுக்க அது தானாகவே சூட்டைப் பதிவு செய்யும்.

கோடை முடிந்ததும் வெப்பமானி பதிந்த சூட்டைக் கணினியில் வரைகோடாகக் காட்டினார். கத்திரி வெயிலிலும் அறை குளுகுளுவென்று இருந்திருக்கிறது. என் சந்தேகமெல்லாம் பறந்துவிட்டது. நம்மைப் புகழ்ந்தால் ஆராய்ச்சியும் நல்ல ஆராய்ச்சிதான்!

வெதுருகுப்பத்தில் அதே வரைபடத்தில் இன்னொரு வீடு கட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் மாடி அறையின் கூரைக்குக் கான்கிரீட். கீழே கடை என்பதால் அந்த அறை வீட்டுக்காரர்களின் மகளுக்கு. சூடு அதிகமானால் அவளுக்கு வலிப்பு வந்துவிடும். என்னை நம்பித்தான் கட்டுகிறார்கள்.

இருந்தாலும் அந்தக் கோடு மனதை அரித்தது. உச்சி வெயிலில்கூட ஏறவே இல்லையே? நல்ல சேதி வந்தாலும் புரட்டிப் பார்க்கிற புத்தி எனக்கு. மத்தியானமே நகரிக்குப் போனேன்.

"அந்த மெஷினை எங்கம்மா வெச்சிருந்தீங்க?" என்று கேட்டதும் வீட்டுக்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"உங்க வேலைய பரீட்சை பண்றாங்கன்னு எங்களுக்குத் தெரியாதா மேடம்? நீங்க ஃபெயில் ஆவக் கூடாதுன்னு, அவரு போனதுமே எடுத்தாந்து கீழ தண்ணிப் பானை பக்கத்துல வெச்சிக்கினோம். திரும்பி வர்ற அன்னிக்கு மறுபடி மாட்டிட்டோம்."

"அப்போ மாடியில எப்படி இருந்தது?"

"அங்க யாரு படுக்கறாங்க? பங்குனி வந்தா பாயத் தூக்கிக்கினு மாந்தோப்புக்குப் போய்டுவோம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"ஆசையா கட்டிக் குடுத்தீங்க, மனசு நோகடிக்கணுமா? இந்தாங்க, துன்னுங்க" என்று மாம்பழத் துண்டுகளை நீட்டினாள்.

கோபம் வந்தது. அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை. எத்தனை வீடுகளில் இப்படி என் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டார்களோ! பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே வெதுருகுப்பம் மேஸ்திரிக்குப் போன் போட்டு, நாளைக்குக் கான்கிரீட் வேண்டாம் என்றேன்.

அவருக்கும் சந்தேகம். "இன்னா மேடம், உங்க டிசைனப் பத்தி யாராச்சும் இன்னாவாச்சும் சொன்னாங்களா?"

"இல்ல மேஸ்திரி. இத்தன நாளா யாருமே சொல்லல. அதான் நிறுத்தச் சொல்றேன்."