வேல்விழி போட்ட பூஜ்யம்

வேல்விழியைக் கண்டால் அந்தக் கல்லூரியில் யாருக்கும் ஆகாது. அவளுக்கும் அங்கே யாரையும் ஆகாது. பதின்மூன்று வருஷமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. தூத்துக்குடிக்கு வெளியே உப்பளங்களைத் தாண்டி நிற்கிற அந்தத் தனியார் பொறியியல் கல்லூரியில் அவள் சிவில் துறை உதவிப் பேராசிரியை. ஏரல் பக்கத்து வயல்காட்டு ஊர்க்காரி. வயது முப்பத்தொன்பது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிரையண்ட் நகரில் ஒரு மாடி வீட்டில் அம்மா பேச்சித்தாயோடு குடியிருந்தாள். இன்டர்னலில் இரண்டு மார்க் கூட்டிப் போடச் சொல்லி வந்த ஒரு பையனை அவள் பேசிய பேச்சில், அவன் வீட்டுக்குப் போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து பிரின்சிபால் அறை வாசலில் நின்றான் என்று ஒரு கதை உண்டு. கதை பொய்யில்லை. அந்த அப்பாவும் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போனார்.

அப்படிப்பட்டவளிடம் அங்கீகார வேலையைத் தூக்கிக் கொடுத்தவர் துறைத் தலைவர் கிருபாகரன். நாசரேத்துக்காரர். அதிர்ந்து பேச மாட்டார், ஆனால் நினைத்ததை முடிக்காமல் விட மாட்டார். வேறு யாரும் அந்த வேலையைத் தொட முன்வரவில்லை. ஆகாதவள் தலையில் கட்டினால் ஒழிந்தது என்று கட்டிவிட்டார். பின்னால் அவர் தன்னைத்தானே நொந்துகொண்டது அந்த ஒரு காரியத்துக்காகத்தான் இருக்கும்.

வேலை இதுதான். சிவில், மெக்கானிக்கல் பட்டப்படிப்புகளுக்குத் தேசிய அங்கீகாரம் கேட்டு நிர்வாகம் விண்ணப்பித்திருந்தது. வருகிற நிபுணர் குழு கட்டடத்தையும் நாற்காலியையும் மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டுப் போகாது. ஒரு பாடத்தைப் படித்து முடித்தவனுக்கு என்னென்ன செய்ய வரவேண்டும் என்று முன்கூட்டியே ஐந்தாறு வரி எழுதிவைக்க வேண்டும். கோர்ஸ் அவுட்கம் என்று பெயர், சுருக்கமாக சி.ஓ. என்பார்கள். பரீட்சையில் எந்தக் கேள்வி எந்த சி.ஓ.வைச் சோதிக்கிறது என்று குறித்து, விடைத்தாள்களைக் கேள்வி கேள்வியாகப் பிரித்து, வகுப்பில் எத்தனை பேருக்கு அது வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நூற்றுக்கு எழுபது பேருக்கு வந்திருந்தால் மூன்று. அறுபது என்றால் இரண்டு. ஐம்பது என்றால் ஒன்று. அதற்கும் கீழே போனால் பூஜ்யம். பல பரீட்சைகளுக்குச் சராசரி எடுத்தால் புள்ளிக்கணக்கில் வரும்.

துறையில் மற்றவர்கள் கொடுத்த தாள்களில் எல்லாம் இரண்டு புள்ளி ஏழு, இரண்டு புள்ளி எட்டு. ஒரே எக்செல் ஷீட்டைத்தான் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். பாடத்தின் பெயர் மட்டும் மாறியிருந்தது. ஒருவர் அதைக்கூட மாற்றவில்லை. வேல்விழி அவற்றை வாங்கி வைத்துவிட்டுத் தன் பாடத்தை எடுத்தாள். கான்கிரீட் டெக்னாலஜி, மூன்றாம் வருஷம், ஐம்பத்தெட்டுப் பேர். நான்காவது சி.ஓ. அவளே எழுதியது: கடலோரக் கட்டடத்துக்கு ஏற்ற கான்கிரீட் கலவையை மாணவர் தாமே தீர்மானிப்பார்.

நவம்பர் மாதம் நான்கு நாள் உட்கார்ந்து ஐம்பத்தெட்டு விடைத்தாளையும் புரட்டினாள். உப்புக்காற்று அடிக்கிற ஊரில் கம்பி துருப்பிடித்து வீடு வெடிக்காமல் இருக்க எவ்வளவு சிமென்ட், எவ்வளவு தண்ணீர், கம்பிக்கு மேல் எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று ஒழுங்காகச் சொன்னவர்கள் பதினேழு பேர். நூற்றுக்கு முப்பதுகூட இல்லை. சி.ஓ. நான்குக்கு நேரே பூஜ்யம் என்று போட்டுக் கையெழுத்திட்டாள். போடும்போது அவள் மனசில் ஒரு வருத்தமும் இருக்கவில்லை. உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இந்தத் துறையில் ஒருத்தராவது பொய் சொல்லவில்லை என்ற சந்தோஷம்.

கிருபாகரன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மேடம் இது? பூஜ்யமா?"

"ஆமா சார்."

"பூஜ்யம்னு ஊரு உலகத்துல எவனாவது எழுதுவானா? கேள்வி கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சுன்னு வச்சு, இத்தன மார்க் வாங்குனாப் போதும்னு இலக்கக் குறைச்சுப் போடுங்க. ரெண்டரை வந்துரும்."

"பசங்களுக்கு வரல சார். வந்துச்சுன்னு எப்படி எழுத?"

"நீங்க மட்டும் யோக்கியம், மத்தவங்க எல்லாம் களவாணின்னு சொல்லுதிய, இல்லையா?"

"நான் சொல்லல. ஒரே ஷீட்டுல எல்லாரும் சேந்து சொல்லிருக்காங்க."

அவர் முகம் கறுத்தது. தாளை மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினார். "யோசிச்சு முடிவெடுங்க. துறைக்கு இது வாழ்வா சாவா."

அவள் யோசிக்கவில்லை. நான்காம் நாள் குவைத்திலிருந்து தம்பி மாரிராஜ் கூப்பிட்டான்.

மாரிராஜ் அதே துறையில் படித்தவன். அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளிடமே கான்கிரீட் பாடம் கேட்டவன். குவைத்தில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இன்ஜினியராகப் போய்ச் சேர்ந்தான். அப்புறம் அங்கே, படித்த படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவனுடையதற்கு இல்லை. செய்கிற வேலை அதேதான். அடையாள அட்டையில் மட்டும் டெக்னீஷியன் என்று மாற்றிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தை அவனை அரித்துக்கொண்டிருந்தது.

"எக்கா, கிருபாகரன் சார் போன் பண்ணாரு. நீ ஏதோ முட்டுக்கட்ட போடுதியாமே?"

வேல்விழிக்கு உடம்பு பற்றி எரிந்தது. கடல் தாண்டிப் போன் போட்டு வீட்டுக்குள் நெருப்பு வைத்திருக்கிறார் அந்த மனுஷன்.

"ஏலே, இப்ப வாங்குனா பழைய பேட்ச்சுக்கெல்லாம் அது செல்லாதுலே."

"செல்லுமோ செல்லாதோ, வந்தா நான் மறுபடி எழுதிப் போட்டுப் பாப்பேன். அது என் பாடு. நீ எதுக்குக்கா மண்ணள்ளிப் போடுத?"

"பொய்க்கணக்குல கையெழுத்துப் போடச் சொல்லுதியா?"

"ஓ, இப்பத்தான் உனக்கு உண்மை தெரியுதோ? எனக்கு கான்கிரீட் எடுத்தது யாரு? நீதான. என்ன சொல்லிக்குடுத்த? நீ போர்டுல எழுதுன, நான் நோட்டுல எழுதுனேன். இங்க வந்து ஒரு மலையாளி ஃபோர்மேன்ட்ட ஏச்சு வாங்கி வாங்கித்தான் ஒண்ணொண்ணாப் படிச்சேன். அன்னைக்குப் போட வேண்டியதுதான உன் பூஜ்யத்த!"

போனை வைத்துவிட்டான். பேச்சித்தாய் அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "ஏளா, கூடப் பிறந்தவன் பொழப்பக் கெடுத்துத்தான் நீ நல்ல பேரு வாங்கணுமா?" என்றாள். பொங்கல் கழிந்ததும் துணிமணியைக் கட்டிக்கொண்டு ஏரலுக்கு, மாரிராஜின் பெண்டாட்டியிடம் போய்விட்டாள். பஸ் ஏறும்போது மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கல்லூரியிலும் ஒவ்வொன்றாகக் கழன்றது. துறையின் வாட்ஸ்அப் குழுவில் யாரும் பேசுவதில்லை என்று முதலில் நினைத்தாள். அவளைச் சேர்க்காமல் இன்னொரு குழு தொடங்கியிருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தது. பதினோரு மணிக்கு ஆறு பேர் இருக்கும் அறையில் ஐந்து கிளாஸ் டீ வந்தது. கல்யாணமாகாதவளுக்குப் பிடிவாதம் இருக்கத்தானே செய்யும் என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள், இவள் காதில் விழட்டும் என்றே. வேல்விழி சும்மா இருக்கவில்லை. அந்த இரண்டு பேர் கொடுத்த தாள்களையும் எடுத்து, தப்புகளுக்கு அடியில் சிவப்புக் கோடு இழுத்துப் பிரின்சிபாலுக்கு அனுப்பினாள். பிரின்சிபால் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

பசங்களையும் கிளப்பிவிட்டார்கள். 'வேல்விழி மேடத்தால அங்கீகாரம் போச்சுன்னா உங்க டிகிரி வெறும் காகிதம்' என்று. மார்ச் மாதம் ஒருநாள் வகுப்புக்குள் நுழைந்தபோது கரும்பலகை நிறைய ஒரே ஒரு பூஜ்யம். சாக்பீஸை அழுத்தி அழுத்திப் போட்டிருந்தார்கள். ஐம்பத்தெட்டு முகமும் அவளையே பார்த்தது. அவள் அதை அழிக்கவில்லை. பலகைக்கு முன்னால் நின்று ஐம்பது நிமிஷமும் வாயாலேயே பாடம் நடத்தினாள். யாராவது சிரித்தால் பிய்த்துவிட வேண்டும் என்று காத்திருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

ஜூலையில் குழு வந்தது. மூன்று நாள். அவளிடமிருந்து பொறுப்பை ஜூன் மாதமே பிடுங்கி வேறொருவரிடம் கொடுத்திருந்தார்கள். அவளைப் போட்டது சாப்பாட்டுக் கமிட்டியில். வருகிற பெரியவர்களுக்கு வஞ்சிர மீன் வறுவல் சூடாக வருகிறதா, சைவக்காரர்களுக்குத் தனி மேஜை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. சட்டையில் குத்துகிற பட்டையிலேயே 'சாப்பாட்டுக் கமிட்டி' என்று அச்சடித்திருந்தார்கள். எம்.இ. ஸ்ட்ரக்சுரல் படித்தவள் அதைச் சேலையில் குத்திக்கொண்டு இலை போட்டாள்.

இரண்டாம் நாள் பதினொன்றரைக்கு ஆள் ஓடி வந்தது. குழுவில் ஒரு பேராசிரியர், மதுரைப் பக்கத்திலிருந்து வடக்கே போய் வேலை பார்ப்பவர், கான்கிரீட் டெக்னாலஜி கோப்பை எடுத்துவிட்டார். இந்தப் பாடம் நடத்தியவரைக் கூப்பிடுங்கள் என்கிறார். வகுப்பு அட்டவணையில் வேல்விழி பெயர், மறைக்க வழியில்லை.

அவள் அந்தப் பட்டையோடேயே போய் நின்றாள். கிருபாகரன் சன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். பேராசிரியர் விரலால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். சி.ஓ. நான்கு, இரண்டு புள்ளி ஆறு. கீழே வேறொருவர் கையெழுத்து.

"இது எப்படி வந்துச்சும்மா?"

"அது என் நம்பர் இல்ல சார். நான் போட்டது பூஜ்யம்."

அவள் பீரோவைத் திறந்து விடைத்தாள் கட்டையும் தன் பழைய தாளின் நகலையும் அவர் முன்னால் வைத்தாள். அவர் அரை மணி நேரம் புரட்டினார். வேல்விழி கிருபாகரனை நேருக்கு நேர் பார்த்தாள். எட்டு மாதம் பட்டதெல்லாம் இந்த அரை மணிக்காகத்தான் என்று தோன்றியது.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "பூஜ்யம்தான். சரியாத்தான் போட்டிருக்கீங்க. இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"போன நவம்பர்ல சார்."

"அதுக்கப்புறம் அந்தப் பசங்களுக்கு என்ன செஞ்சீங்க?"

அவளுக்குக் கேள்வி புரியவில்லை. "சார்?"

"நாப்பத்தோரு பேருக்கு வரலன்னு எழுதிட்டீங்க. மறுபடி சொல்லிக்குடுத்தீங்களா? லேப்ல கலந்து பாக்க வச்சீங்களா? கேள்விய மாத்திக் கேட்டீங்களா?"

அவர் கேட்டதில் ஒன்றையும் அவள் செய்திருக்கவில்லை. அந்த எட்டு மாதமும் அவள் பூஜ்யத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அந்த நாற்பத்தொரு பேரில் ஒருவனுடைய பெயரைக் கேட்டால்கூடத் தடுமாறியிருப்பாள்.

"அவங்க பொய்ய எழுதி வச்சாங்க. நீங்க உண்மைய எழுதி வச்சீங்க. அந்தப் பையன் ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணும் தெரியாம நிக்கிறான்" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோப்பை மூடிவிட்டு அடுத்த பாடத்தைக் கேட்டார்.

கிருபாகரன் முகத்தில் அந்த நேரத்திலும் ஒரு சின்னத் திருப்தி ஓடியதை அவள் பார்த்தாள். அவரை அவள் வெறுத்தது பழகிப்போன வெறுப்பு. அந்த மதுரைக்காரரை வெறுத்ததுபோல் அவள் அதுவரை யாரையும் வெறுத்ததில்லை. அன்று சாயங்காலம் கல்லூரி பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. சன்னல் வழியே உப்பள வரப்புகளைப் பார்த்தபடி அந்த மனுஷனை மனசுக்குள் ஏசிக்கொண்டே வந்தாள்.

அடுத்த மாதம், இப்போது நான்காம் வருஷத்துக்கு வந்துவிட்ட அந்த நாற்பத்தொரு பேருக்கு ஒரு தாள் ஒட்டினாள்: புதன்கிழமை மதியம் இரண்டு மணி, கான்கிரீட் லேப். முதல் வாரம் பதினோரு பேர் வந்தார்கள். பிராஜக்ட் மார்க்கில் கைவைத்துவிடுவாள் என்ற பயத்தில் வந்தவர்கள்தான் பாதி. லேப் சாவியை கிருபாகரன் தரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் தகரத்தை விரித்து, கட்டட வேலை நடக்கிற இடத்திலிருந்து மணலும் ஜல்லியும் கேட்டு வாங்கிக் கலக்க வைத்தாள். பாசத்தில் செய்யவில்லை, ரோஷத்தில் செய்தாள். பசங்களுக்கும் அது தெரியும். தண்ணீரைக் கூட்டி ஊற்றியவனை ஏசினாள். அவன் முறைத்தான், மறுபடி கலந்தான். "இத அன்னைக்கே செய்ய வச்சிருக்கலாம்ல மேடம்" என்று ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள். வேல்விழி மணலை அளந்தாள். ஆறு வாரத்தில் ஒன்பது பேர் மிஞ்சினார்கள். அவர்களுக்குப் புதிதாக ஒரு கேள்வி கொடுத்தாள். ஆறு பேர் சரியாகப் போட்டார்கள்.

அக்டோபரில் முடிவு வந்தது. மெக்கானிக்கல் துறைக்கு அங்கீகாரம், சிவிலுக்கு இல்லை. காரணம் என்று எழுதியிருந்தவை பதினான்கு. ஆசிரியர் பற்றாக்குறை, ஓடாத கருவிகள், நூலகம் என்று போயிற்று பட்டியல். விடைத்தாள் விஷயம் அதில் ஒன்பதாவது. துறையில் யாரும் மற்ற பதின்மூன்றைப் படிக்கவில்லை. மாரிராஜ் ஒரே வரி அனுப்பினான்: 'திருப்தியா?' அதற்குப்பிறகு அவள் எண்ணைத் தடுத்துவிட்டான்.

டிசம்பரில் நிர்வாகம் அவளை உள்நாட்டுப் பக்கம் தாங்கள் நடத்தும் பாலிடெக்னிக்குக்கு மாற்றியது. கடிதத்தைக் கையில் கொடுத்தபோது கிருபாகரன் தலை நிமிரவில்லை.

"ஆறு பேர் விடைத்தாள் அனுப்பியிருந்தேன். பாத்தியளா சார்?" என்று கேட்டாள்.

"ஒன்பது பேருல ஆறு பேரு. அத வச்சு நான் என்ன பண்ண?"

"மிச்சம் முப்பத்தஞ்சு பேருக்கு இன்னும் வரல. ஏப்ரல்ல அவங்க படிச்சு முடிக்கிற வரைக்கும் டைம் இருக்கு. யாரையாவது எடுக்கச் சொல்லுங்க."

"நீங்க போயிட்டு வாங்க மேடம்."

யாரும் எடுக்கவில்லை. அந்தத் தகரமும் மணலும் பொங்கல் வரை மரத்தடியிலேயே கிடந்தன என்று அந்த ஒன்பது பேரில் ஒருத்தி செய்தி அனுப்பினாள். ஏதாவது எழுதலாம் என்று வேல்விழி போனைக் கையில் எடுத்தாள். பாலிடெக்னிக்கில் அவளுக்கு இரண்டாம் மணி வகுப்பு, மணி அடித்துவிட்டது. போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் போனாள்.